ஏற்காட்டு வளைவுகளும் ஹகுபாவின் பனிச்சரிவும்: முதன்முறை சறுக்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் பனிச்சறுக்கு பழகப் போகலாம் என்று சேலத்தில் பேச்செடுத்தால், அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாகானோ மாவட்டத்திலுள்ள ஹகுபாவைப் பொறுத்தவரை அந்தக் கவலைக்கு இடமில்லை. ஏற்காடு ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹகுபா கிராமம் இருப்பதோ 700 மீட்டர் அளவில்தான். அங்குள்ள பெரிய சறுக்குத்தளங்களில் ஒன்றான ஹப்போ ஒனேவில், கம்பியில் தொங்கும் இருக்கையான லிஃப்ட் நம்மை ஏற்றிவிடும் மிக உயர்ந்த இடம் 1,831 மீட்டர், அதாவது சேர்வராயன் கோயில் இருக்கும் குன்றைவிடச் சுமார் 200 மீட்டர் கூடுதல். காஷ்மீரத்தின் குல்மார்க்கில் அடிவாரமே 2,600 மீட்டருக்கு மேல் என்பதால் உடம்பு பழகிக்கொள்ளச் சற்று அவகாசம் தேவைப்படலாம். ஹகுபாவில் வந்திறங்கிய மறுநாள் காலையிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

இவ்வளவு தாழ்ந்த மலையில் ஆளுயரத்துக்குப் பனி குவிவதன் காரணம் நமக்குப் புதிதன்று. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, வெதுவெதுப்பான நீரோட்டத்தால் உறையாமல் கிடக்கும் ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, மறுகரையில் மலைத்தொடரில் மோதி மேலெழும்பி அந்த ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. நம்முடைய வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலில் ஈரம் ஏந்தி வந்து ஐப்பசியில் மழையாகப் பெய்வதும் ஏறக்குறைய இதே கணக்குதான். அங்கே குளிர் மிகுதியாக இருப்பதால் மழைக்குப் பதில் பனி விழுகிறது. தமிழில் மார்கழி விடியலில் புல்லின்மேல் நிற்பதும் பனி, ஏற்காட்டு ஏரியை மூடுவதும் பனி, ஹகுபாவில் கூரையை அழுத்துவதும் பனி என்பதால், ஒரு கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்.

எப்போது போவது, எப்படிப் போவது

சறுக்குப் பருவம் டிசம்பரில் தொடங்கி மார்ச் இறுதி வரை முழுவீச்சில் நடக்கிறது. உயரமான பகுதிகளில் மே தொடக்கம் வரை நீள்வதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்பதுதான் எல்லாருடைய முதல் எண்ணம். ஆனால் ஆண்டிறுதி வாரத்தில் ஜப்பானியர்களே குடும்பத்துடன் மலைக்கு வருவதால் தங்குமிடமும் பயிற்சியாளரும் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் விலை அதிகம். சீனப் புத்தாண்டு வாரமும் அப்படியே. பொங்கலை ஒட்டிய ஜனவரி நடுவில் பனி மிக ஆழமாக இருக்கும் என்றாலும், நாள் முழுவதும் பனி கொட்டிக்கொண்டே இருந்தால் எதிரே சரிவு எங்கே முடிகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. மாவு போன்ற புதுப்பனியைத் தேடி உலகெங்கிலுமிருந்து ஹகுபாவுக்கு வருகிறவர்கள் சறுக்கத் தெரிந்தவர்கள். பழகுகிறவருக்கு அந்த ஆழப்பனி உதவியன்று, இடையூறு. இரவில் இயந்திரம் ஓட்டிச் சீர்செய்த, உறுதியான, அகலமான சரிவே அவருக்குத் தேவை. என்னைக் கேட்டால், வெயில் எட்டிப்பார்க்கத் தொடங்கும் பிப்ரவரிக் கடைசி வாரத்தையே சொல்வேன்.

சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் பெங்களூரு இருப்பது நமக்கு வசதி. அங்கிருந்து டோக்கியோவின் நரிடா விமான நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு. டோக்கியோ நிலையத்தில் ஹோகுரிகு ஷின்கான்சென் ரயிலேறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நாகானோ வந்துவிடும். நாகானோ நிலையத்தின் கிழக்கு வாயிலிலிருந்து ஹகுபாவுக்குப் பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலேயே தக்யூபின் என்னும் பொதியனுப்பும் சேவையில் தங்குமிடத்தின் முகவரிக்கு அனுப்பிவிடலாம். அவை மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வந்துசேரும் என்பதால், முதல் நாள் சறுக்கத் தேவையான உடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். விசா முன்கூட்டியே வாங்க வேண்டும்.

பயணக் காப்பீட்டை எடுக்கும்போது ஒரு வரியை மட்டும் பொறுமையாகத் தேடிப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு சாகச விளையாட்டு என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும்; அதைச் சேர்க்கும் கூடுதல் பிரிவை வாங்கினாலும், தளத்தின் எல்லைக்குள் சறுக்குவதற்கு மட்டுமே அது செல்லுபடியாகலாம்.

சேலத்திலேயே செய்ய வேண்டியவை

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே கால்களைத் தயார்செய்யத் தொடங்க வேண்டும். சறுக்கும்போது முழங்கால் மடங்கிய நிலையிலேயே பாரம் தாங்குவதால் தொடையின் முன்தசைதான் முதலில் சோர்கிறது. படியேறுவதைவிடப் படியிறங்குவது அந்தத் தசையை அதே வகையில் உழைக்க வைக்கிறது. ஆகவே குமரகிரி முருகன் கோயில் படிகளில் வாரம் மூன்று நாள் ஏறி, கைப்பிடியைப் பிடிக்காமல், ஒவ்வொரு படியிலும் முழங்காலைச் சற்று மடக்கி நிதானமாக இறங்குவது நல்ல பயிற்சி. வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலேயே நாற்காலியில் அமர்ந்ததுபோல் நிற்கப் பழகுங்கள். இரண்டு நிமிடம் தாங்கினால் போதும். பிள்ளைகளுக்கு ரோலர் ஸ்கேட்டிங் பழக்கம் இருந்தால் முதல் நாளின் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம்.

துணி விஷயத்தில் நம் ஊர் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே பருத்தியைப் போல் உதவும் துணி வேறில்லை. அங்கே பருத்தி பகை. சறுக்கும்போது நன்றாக வியர்க்கும். அந்த வியர்வையைப் பருத்தி உறிஞ்சி வைத்துக்கொள்வதால், லிஃப்டில் காற்றில் அசைவின்றி அமர்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் முதுகு சில்லிட்டுப் போகும். எனவே உள்பனியன் முதற்கொண்டு பருத்தியை விலக்கி, உடலோடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் ஒன்று, அதன்மேல் ஃபிளீஸ் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும் என மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். மேலடுக்கை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். ஹகுபாவின் வாடகைக் கடைகளில் அது கிடைக்கும், சேலத்துக்குத் திரும்பிய பிறகு அதை எங்கே உடுத்துவது? கையுறை, காகிள்ஸ், முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறை, கழுத்துறை ஆகிய நான்கையும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடியுள்ள காகிள்ஸ் மங்கலான நாளில் பனியின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் உதட்டு வெடிப்புக்கு அதை நம்பியிராமல் வாசலின் எடுத்துச்செல்லுங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைக் கருக்கும், அதற்கும் களிம்பு வேண்டும்.

பூட்ஸ் என்னும் தலையாய விஷயம்

சறுக்கு மோசமாக அமைவதற்குப் பெரும்பாலும் மலையோ வானிலையோ காரணமன்று, பூட்ஸ்தான் காரணம். முதல்முறை போனபோது குளிருக்கு அஞ்சி இரண்டு காலுறைகளைப் போட்டுக்கொண்டு, அவற்றுக்கு இடம் வேண்டும் என்று ஒரு அளவு பெரிய பூட்ஸைக் கேட்டு வாங்கினேன். உள்ளே குதிகால் ஓர் அங்குலம் எழும்பி எழும்பி விழுந்தது. நான் காலைத் திருப்பினால் பூட்ஸ் மட்டும் திரும்பியது, அடியிலிருந்த ஸ்கீ என்னும் சறுக்குப் பலகை தன் போக்கில் போயிற்று. இறுக்கமான காலுறைகளால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிரும் கூடுதலாகத் தெரிந்தது. இரண்டரை நாள் இப்படிக் கழிந்த பிறகுதான் பயிற்சியாளர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

ஸ்கீ பூட்ஸின் அளவு என்பது சென்டிமீட்டரில் பாதத்தின் நீளமே. ஆகவே மாலையில், கால் சற்று விரிந்திருக்கும் நேரத்தில், சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பெருவிரல் நுனி வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். காலுறை ஒன்றே ஒன்றுதான் பூட்ஸுக்குள் போக வேண்டும்; தெர்மல் கால்சட்டையின் ஓரம்கூட உள்ளே மடிந்திருக்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்ததும் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. பூட்டுகளைப் போடும் முன் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னே அமர்த்திக்கொள்ளுங்கள். புதிதாகப் போடுகிறவர்களுக்கு எல்லாப் பூட்ஸும் இறுக்கமாகவே தோன்றும். வலி வேறு, இறுக்கம் வேறு. வலித்தால் கூச்சப்படாமல் கடைக்குத் திரும்பிச்சென்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கடையில் உயரம், எடை, வயது, அனுபவம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள். விழும்போது பூட்ஸை ஸ்கீயிலிருந்து விடுவிக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை அந்த எண்களை வைத்துத்தான் அமைக்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாதபோது கழன்றுகொள்ளும். அனுபவத்தைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். ஸ்கீயின் நீளம் தொடக்கத்தில் மார்புக்கும் தாடைக்கும் இடையில் இருந்தால் போதும். ஹெல்மெட்டையும் சேர்த்தே வாடகைக்கு எடுங்கள்.

பனியின்மேல் முதல் மூன்று நாள்

ஹகுபா பள்ளத்தாக்கில் பல சறுக்குத்தளங்கள் அடுத்தடுத்து உள்ளன. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கின் டவுன்ஹில் போட்டிகள் நடந்தது ஹப்போ ஒனேவில் என்பதால் எல்லாரும் அதன் பெயரையே முதலில் சொல்வார்கள். மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன் 16 வயதில், சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்தபடி பனிக்கட்டிப் பாதையில் இறங்கும் லூஜ் போட்டியில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டதும் அந்த நாகானோ ஒலிம்பிக்கில்தான். ஆனால் பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது சுகாய்கே. அதன் அடிவாரத்தில் ‘மணி ஒலிக்கும் குன்று’ என்று பொருள்படும் கானே நோ நாரு ஒகா என்ற சரிவு, மைதானம்போல் அகன்றும் அதிகச் சாய்வின்றியும் கிடக்கிறது. அகலம் மிகுந்தால் பயம் குறையும். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்துச் செல்லும் நுழைவுச்சீட்டை முதல் மூன்று நாளுக்கு வாங்குவது வீண் செலவு.

கூட வந்த நண்பருக்குச் சறுக்கத் தெரியும், அவரே சொல்லிக்கொடுப்பார் என்று நம்பாதீர்கள். நட்பும் கெடும், சறுக்கும் வராது. ஆங்கிலம் பேசும் பயிற்சியாளர்களுள்ள பள்ளிகள் ஹகுபாவில் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு, குறைந்தது இரண்டு நாளாவது அவர்களிடம் பழகுங்கள். பாடத்தில் அடிபடும் சில சொற்கள் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தவை: சறுக்குச் சரிவு கெலெண்டே, கைக்கோல் ஸ்டோக்கு. 1911 ஜனவரி 12 அன்று நீகாத்தா மாவட்டத்துத் தகாதாவில் ஜப்பானியப் படைவீரர்களுக்குச் சறுக்குப் பயிற்சியைத் தொடங்கிவைத்தவர் தியோடோர் ஃபொன் லெர்ஹ் என்னும் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி.

ஜெர்மனிலிருந்து வந்த இன்னொரு சொல்தான் முதலில் கற்க வேண்டிய வித்தையின் பெயர்: புளூக் போகன், அதாவது ஏர்த்திருப்பம். இரண்டு ஸ்கீகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றி, கலப்பை மண்ணைத் தள்ளுவதுபோல் பனியைத் தள்ளி வேகத்தைக் குறைப்பது அது. ஜப்பானியப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் ‘ஹ எழுத்துப் போடு’ என்பார்கள். அவர்களுடைய ஹ என்னும் எழுத்து, மேலே நெருங்கி ஆனால் ஒட்டாமல் நிற்கும் இரண்டு சாய்கோடுகளே. உழவின் சாயல் இந்த ஊர்ப் பெயரிலும் இருக்கிறது. 2,932 மீட்டர் உயரமுள்ள ஷிரோஉமா மலையில் வசந்தத்தில் பனி உருகும்போது, தெரியத் தொடங்கும் கரும்பாறை ஒரு குதிரை வடிவம் கொள்ளும். அதைப் பார்த்து உழவர்கள் நாற்று நடுவதற்காக வயலைச் சேறாக்கத் தொடங்குவார்களாம். சேறு கலக்கும் குதிரை என்ற அந்தப் பெயர் காலப்போக்கில் வெள்ளைக் குதிரை என்று எழுதப்பட்டு, அவ்வெழுத்துகளின் இன்னோர் உச்சரிப்பாக ஹகுபா என ஆகிவிட்டது.

இனி, ஏற்காட்டுச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே நேர்க்கோட்டில் சாலை போட்டிருந்தால் எந்த வண்டியும் அதில் இறங்க முடியாது. செங்குத்தான மலையை 20 கொண்டை ஊசி வளைவுகளாக மடித்திருப்பதால்தான் பேருந்து நிதானமாக இறங்குகிறது. சறுக்கிலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இந்த வளைவுதான். ஏர் வடிவத்தை மட்டுமே நம்பி நேராக இறங்குவது, மலைச்சாலையில் பிரேக்கை மிதித்தபடியே வருவது போன்றது. பிரேக் சூடேறுவதுபோல் தொடை எரியத் தொடங்கும். ஒவ்வொரு திருப்பத்தையும் சரிவுக்குக் குறுக்காக, வேகம் தானே அடங்கும் வரை முழுமையாக முடித்துவிட்டு, பிறகே அடுத்த திருப்பத்தைத் தொடங்க வேண்டும். பழகுகிறவர்கள் பலர் திருப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவதால்தான் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

திரும்புவது எப்படி என்றால், வலப்பக்கம் போக இடது காலை அழுத்த வேண்டும். இடப்பக்கம் போக வலது காலை. கொண்டை ஊசி வளைவில் பேருந்தின் வெளிப்பக்கச் சக்கரங்களில் பாரம் ஏறுவதுபோல, திருப்பத்தின் வெளிப்புறக் கால்தான் பாரத்தை ஏந்துகிறது. கணுக்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் எப்போதும் அழுந்தியிருக்க வேண்டும். கைகள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி முன்னே இருக்க வேண்டும். பயம் வந்ததும் உடம்பு தானாகவே மலைப்பக்கம் சாய்ந்து பின்வாங்கும். பாரம் ஸ்கீயின் வாலுக்குப் போய்விடுவதால் முன்பக்கம் பிடிமானம் இழந்து அது முன்னைவிட வேகமாக ஓடும். பள்ளத்தை நோக்கி முன்னே சாய்ந்தால்தான் வேகம் நம் கைக்குள் நிற்கும் என்பதை உடம்பு ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப்பக்கம் இடுப்பைச் சரித்து விழுங்கள், கையை ஊன்றாதீர்கள். எழும்போது ஸ்கீகள் இரண்டும் உடலுக்குக் கீழ்ப்பக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே இருக்கும்படி திருப்பிக்கொண்டால்தான் எழுந்த கையோடு சறுக்கிப் போகாமல் நிற்கலாம். லிஃப்டில் ஏறும்போது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து இருக்கையைக் கையால் பிடித்து அமருங்கள். இறங்கும்போது ஸ்கீ நுனிகளை உயர்த்தி, பனி தட்டுப்பட்டதும் எழுந்து நின்று, அங்கேயே நிற்காமல் விலகிப் போய்விடுங்கள். ஊழியரிடம் கையைக் காட்டினால் வேகத்தைக் குறைத்துத் தருவார்கள்.

சரிவில் நடந்துகொள்ளும் முறை

ஜப்பானில் சறுக்குப் பாதைகளைப் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று வண்ணங்களில் குறிக்கிறார்கள். ஷோக்யூ என்றால் தொடக்கநிலை, சூக்யூ இடைநிலை, ஜோக்யூ உயர்நிலை. ஹப்போ ஒனேவில் அடாம் கொண்டோலா என்னும் மூடிய பெட்டி லிஃப்டில் ஏறி மேலே போய்விட்டால் கீழே வரும் ரீசன் பாதை நீண்ட இடைநிலைச் சரிவு என்பதால், பச்சைப் பாதையில் தடுமாறுகிறவர்கள் ஆசைக்காக அதில் ஏறக் கூடாது.

மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது ஏற்காட்டுச் சாலையில் ஓட்டிய எவருக்கும் தெரியும். சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளிலும் இதையொத்த ஒன்று இருக்கிறது: உங்களுக்குக் கீழே, முன்னே சறுக்கிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருகிற நீங்கள்தான் அவரை விலகிப் போக வேண்டும். குறுகலான இடத்திலும், மேட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நின்று படமெடுக்கக் கூடாது.

கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் பிறர் சறுக்கிய தடம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் போகாதீர்கள். அங்கே பனி பெயர்ந்து சரியும் அபாயம் மட்டுமல்ல, மரத்தின் அடியைச் சுற்றிப் பனி இறுகாமல் குழிபோல் இருக்கும். தலைகுப்புற விழுந்தால் தானாக எழுவது அரிது. எல்லைக்கு வெளியே மீட்புக்கு ஆகும் செலவும் மீட்கப்பட்டவர் தலையில்தான் விழும்.

சாப்பாடும் களைப்பும்

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும், சோபா நூடுல்ஸின் ரசத்திலும்கூட மீன் சாறான தாஷி இருக்கும். மலைமேல் உணவகங்களில் கறி ரைஸ் கிடைக்கும் என்று மகிழ வேண்டாம். அந்தக் குழம்பில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு உண்டு. வெறும் சோறு எங்கும் கிடைப்பதால் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் கவலையில்லை. பழமோ கறிவேப்பிலைக் கொத்தோ வேண்டாம், தாவரப் பரிசோதனையில் தடைப்படும். ஜாக்கெட் பையில் கடலை மிட்டாயும் நான்கு தட்டுவடையும் இருந்தால் லிஃப்டில் போகும்போதே பசியாறலாம்; நம் ஊர்த் தட்டுவடை செட்டில் வைக்கும் காரச் சட்னி இல்லாத குறை மட்டுமே.

மாலையில் ஹப்போவின் வெந்நீர் ஊற்றுக் குளியல் தொடைவலிக்கு நல்லது. காரத்தன்மை மிகுந்த அந்த நீரில் தோல் வழுவழுப்பாகும். உள்ளே இறங்கும் முன் வெளியிலேயே அமர்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். சறுக்காத பெரியவர்கள் உடன் வந்திருந்தால், இவாதாகே மலைக்குக் கொண்டோலாவிலேயே ஏறி, மேலுள்ள காட்சித்தளத்துக்குப் போய் எதிரே நிற்கும் ஷிரோஉமா சிகரங்களைப் பார்க்கலாம்.

நான்காம் நாள் சிவப்புப் பாதைக்குப் போகலாமா என்ற கேள்வி எழும். பச்சைப் பாதையில் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திரும்ப முடிகிறதா, அடிவாரம் வரை விழாமல் மூன்று முறை இறங்க முடிந்ததா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், பனி இன்னும் சீராக இருக்கும் காலை ஒன்பது மணிக்குப் போங்கள். பிற்பகலில் பனி கிளறப்பட்டுக் குமிழ்குமிழாகிவிடும், கால்களும் சோர்ந்திருக்கும். கடைசியாக ஒரு முறை என்று ஏறும்போதுதான் பலருக்கும் அடிபடுகிறது. நுழைவுச்சீட்டில் இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சமிருந்தாலும், மூன்று மணிக்குப் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அதன் உள்ளுறையை உலர்த்தும் அறையில் வைத்துவிடுங்கள்.